இரண்டு மணி முதல் நாலு மணி வரை

கம்ப்யூட்டரை ஓட வைப்பதைவிட நிறுத்தி வைப்பதுதான் என் வேலை என்றால் நீ சிரிப்பாய், அக்கா. சிறுசேரி ஆபீசுக்காக இருநூற்றுப் பத்து மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. மும்பையில் எங்கோ இருக்கிற பெரிய கம்ப்யூட்டர்களைப் பங்கு பிரித்து, ஒவ்வொரு பங்கையும் தனிக் கம்ப்யூட்டர் மாதிரி ஓட்டுகிறோம். ஆள் இல்லாத நேரத்தில் எது ஓடினாலும் எனக்குப் பொறுக்காது. இத்தனை மணிக்கு நில், இத்தனை மணிக்குக் கிளம்பு என்று நேரம் குறித்துவிடுவேன்.

பதிமூன்றாம் நாள் முடிந்து நீ ஊருக்குத் திரும்பும்போது, ஏர்போர்ட் வாசலில் கேட்டாய்: "அப்பா கஷ்டப்பட்டாராடா, ஹர்ஷா?" இல்லை என்றேன். அது பொய்யில்லை. மிச்சத்தை இப்போது எழுதுகிறேன்.

பக்கவாதம் வந்த பிறகு அப்பாவுக்குப் போனது இடது பக்கம்தான். குரல் போகவில்லை. நான் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். பார்த்துக்கொள்ள வந்த ஹேமாவதி ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவாள். "பாவம் சார், பெருசு உங்களையேதான் கூப்டுகினு கீது" என்று வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொல்வாள். அப்புறம் நான் ஒருத்தன்தான். ஃபேனைக் குறை, தலையணையை நகர்த்து, மணி என்ன? ஒரு நாள் வெளிநாட்டு க்ளையன்ட் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் குரல் கேட்டுவிட்டது. "மச்சான், உங்க வூட்ல யாரோ கத்துறாங்க, மொதல்ல மியூட் போடு" என்றான் ஸ்டெபின், என் டீம் லீடர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

அதனால்தான் அப்பாவின் வலது கைக்குப் பக்கத்தில் வைக்க ஒரு பட்டன் செய்தேன். அமுக்கினால் செய்தி மும்பைக்குப் போகும். அங்கே அப்பாவுக்காகவே நான் அமைத்த ஒரு சின்ன மெஷின் அதை வாங்கி என் போனை அடிக்கும். மெஷின் பதில் சொன்னால் பட்டனில் பச்சை விளக்கு எரியும். முப்பத்தாறு வருஷம் டெலிபோன் இலாகாவில் இருந்தவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. "பச்சை எரிஞ்சா லைன் கிடைச்சாச்சு, இல்லையாடா?" என்றார். ஆமாம், இனிமேல் கத்தக் கூடாது என்றேன். அன்றிலிருந்து ஒரு நாளும் அவர் குரல் கொடுக்கவில்லை. சொன்ன சொல் கேட்கிற மனுஷன், உனக்கே தெரியும்.

ஆனால் ஒரு மதியத்தில் இருபது தடவை அமுக்கினார். யாரைக் குற்றம் சொல்ல? அவருக்கும் வேறு வழியில்லை, எனக்கும் இல்லை. க்ளையன்ட் மீட்டிங் இரண்டிலிருந்து நாலுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும். ஆபீஸ் மெஷின்களுக்குச் செய்வதையே அப்பாவின் மெஷினுக்கும் செய்தேன். இரண்டு மணிக்கு நிற்கும், நாலு மணிக்குக் கிளம்பும். அப்பாவிடம் சொல்லவில்லை.

முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். "லைன் டெட்டுடா. பச்சையே வரலை" என்று பட்டனை என்னிடம் நீட்டினார். எனக்கு மனசு கேட்கவில்லை. அன்று சாயங்காலமே பட்டனைக் கழற்றி மாற்றினேன். மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும், அமுக்கினால் பச்சை எரியும். அதற்குப் பிறகு அப்பா நிம்மதியாக இருந்தார். நானும்தான்.

அந்த வியாழக்கிழமை நாலு மணிக்கு மெஷின் கிளம்பியது. பட்டன் சேர்த்து வைத்திருந்த செய்திகள் மொத்தமாக வந்தன. முப்பத்தேழு. முதலாவது இரண்டு நாற்பத்தொன்றுக்கு, கடைசி மூன்று இருபத்தாறுக்கு. உள்ளே போனேன். உடம்பில் சூடு இருந்தது. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

நீயும் கேட்காத ஒன்று இருக்கிறது. என் அறைக்கும் அவர் அறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பட்டன் மலிவான பட்டன். அமுக்கும்போதெல்லாம் டக்கென்று சத்தம் வரும். மீட்டிங் மூன்று பத்துக்கே முடிந்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். டக், டக் என்று கேட்டது. நாலு மணி வரைக்கும் என் நேரம் என்று உட்கார்ந்திருந்தேன். அவசரமாக அமுக்கினார், பிறகு விட்டு விட்டு, பிறகு ஒரே ஒரு தடவை. எதற்கு இப்படி என்று எனக்குப் புரிந்தது, அக்கா. புரிந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

ஆனாலும் உன்னிடம் சொன்னது உண்மை, அவர் கஷ்டப்படவில்லை. முப்பத்தேழு தடவையும் பச்சை எரிந்திருக்கிறது, நான் சோதித்துப் பார்த்துவிட்டேன். பையன் வந்துகொண்டிருக்கிறான் என்றே கடைசிவரை நினைத்திருப்பார்.