பாக்கி நின்ற ஒரு ரேகை

பெருமாயி: நம்ம மனுக் காயிதத்தக் குடுத்தாச்சா இல்லீங்களா? அதச் சொல்லுங்க மொதல்ல.

அப்பாசாமி: அடிவாரத்துக் காரவள்ளியில இருந்து மல ஏறி வந்த கொழுந்தனுக்கு ஒரு வாய் தண்ணி கெடையாது...

பெருமாயி: இந்தாங்க, குடிங்க. சேலத்துல வக்கீலையாவப் பாத்தீங்களா?

அப்பாசாமி: பாத்தேன், பாத்தேன். பூவெல்லாம் வெச்சிருக்கீங்க அண்ணி... அண்ணன் வருதுன்னு சேதியா?

பெருமாயி: கேலி போதுங்க. டெல்லிக்குப் போயி சட்டம் எழுதறவரு அவருதானே?

அப்பாசாமி: அவருதான். வெள்ளக்காரன் போனப்புறம் நாடு பூராத்துக்கும் ஒரே சட்டமாம். எல்லாப் பக்கத்து ஆளுங்களும் கூடி, பேசி, ஒப்புக்கிட்டு எழுதறாங்களாம்.

பெருமாயி: நம்ம மலையில குண்டனி நாட்டு ஊருங்கெல்லாம் கூடற கூட்டமாட்டம்.

அப்பாசாமி: ஆமா... கொஞ்சம் பெரிசு.

பெருமாயி: பாரஸ்ட்டுக்காரங்க ரிசர்வுன்னு கல்லு நட்டு நம்ம சாமையப் புடுங்கி எறியறாங்களே... மலங்காடு எங்களுக்கேன்னு நாம எழுதுனத அங்க படிப்பாங்களா?

அப்பாசாமி: உங்க பேர ராகம் போட்டே படிப்பாங்க.

பெருமாயி: எம் பேரு எங்க அதுல? ஊட்டுக்கு ஒரு ஆம்பளயோட பெருவெரல் ரேகைதானே...

அப்பாசாமி: அண்ணன் எப்ப வருதாம்?

பெருமாயி: ...தைக்கு வாரேன்னு சொல்லி உட்ருக்காரு. ஏற்காட்டுல காப்பிப்பழம் பறிச்சு முடியணுமில்ல.

அப்பாசாமி: யாருகிட்டச் சொல்லி உட்டுச்சு?

பெருமாயி: யாரோ... சந்தைக்கு வந்தவங்க. பேச்ச மாத்தாதீங்க. காயிதம்...

அப்பாசாமி: எம் மடியிலதான் இருக்குது.

பெருமாயி: அய்யோ! குடுக்கலீங்களா?

அப்பாசாமி: எல்லா ஊடும் ஒப்புச்சான்னு கேட்டாரு. அண்ணன் ஊடு மட்டும் பாக்கின்னேன். பரவால்ல, குடுய்யான்னு கைய நீட்டுனாரு.

பெருமாயி: நீட்டுனாருல்ல! குடுத்திருக்கலாமில்ல!

அப்பாசாமி: எப்புடிக் குடுப்பேன்? ஒரு ஊடு ஒப்பலீன்னாலும் நாடே ஒப்பலீன்னுதானே நம்ம வழக்கம்? தீவாளிக்கு வாராரு, கார்த்திகைக்கு வாராருன்னு நீங்க சொல்லச் சொல்ல, ஆவணியில இருந்து ஊரே அந்த ஒரு ரேகைக்குத்தானே காத்துக் கெடந்துச்சு?

பெருமாயி: அதுக்கு...

அப்பாசாமி: ரெண்டு நாளு பொறுங்க சாமி, ஏற்காடு ஏறி வாங்கியாறேன்னு ஓடுனேன். திரும்பி வந்தா... ரயிலு போயிருச்சு. அவரும் போயிட்டாரு.

பெருமாயி: ஏற்காட்டுக்கு... நெசமாவே போனீங்களா?

அப்பாசாமி: போனேன். அண்ணனுக்குக் குளிர்காய்ச்சலாம். பொதைச்ச எடத்துல புல்லு முழங்காலுசரம் நிக்குது அண்ணி. நீங்க அழலியே. அண்ணன் இடுப்பு அரணாக்கொடிய ஆடியிலயே ஒரு பொம்பளகிட்டக் குடுத்து உங்களுக்கு அனுப்புனேன்னாரு தோட்டத்து மேஸ்திரி. எங்கிட்டக்கூட ஏன் மறச்சீங்க? எங்கூடப் பொறந்தவரு அண்ணி அவரு...

பெருமாயி: உங்ககிட்டத்தானுங்க மறைக்கணும். அவரு செத்துட்டாருன்னு தெரிஞ்சா, வழக்கப்படி அவரு பங்குக் காடு உங்களுக்கு. ரெண்டு பொட்டப்புள்ளைகளக் கூட்டிக்கிட்டு நான் எங்கீங்க போறது? அதான் பூவையும் எடுக்கல, வாயையும் தொறக்கல. இப்ப ஊருக்கே காடு போச்சு... பாவி நான். ஆனா கொழுந்தனாரே, ஒரு ஊட்டு ரேகைதானே பாக்கி? எனக்கும் வெரலு இருக்குதே... இத்தன மாசத்துல ஒருத்தராவது கேட்டீங்களா?