இந்த ஊரில் வழி கேட்கக் கூடாது

ஹலோ... ஆ, சொல்லுக்கா... இல்ல, இன்னும் ஸ்டேஷன் போய்ச் சேரல... கத்தாதக்கா, கேளு... ஆமா, ஆமா, ரயிலுக்கு நேரமாச்சு. எனக்குத் தெரியாதா?

ரோட்டத் தோண்டிப் போட்டுட்டாங்க. பஸ் ஸ்டாப்ப எங்கயோ மாத்திட்டாங்க. எங்கன்னு தையல்கடைக்காரர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை கேட்டேன். அதான் நான் செஞ்ச தப்பு... ஏன்னா? இந்த ஊர்ல யாரும் வழி சொல்ல மாட்டாங்கக்கா, கூடவே வந்து விட்டுட்டுப் போவாங்க! கைய நீட்டி 'அந்தப் பக்கம்'னு சொன்ன மனுஷன இதுவரைக்கும் நான் பாத்ததில்ல.

ஆமா... ஆமா... தைச்சிட்டிருந்த சட்டைய அப்படியே போட்டுட்டு, கடையச் சாத்திட்டு, என் பெட்டியத் தூக்கிட்டு முன்னால போறார்... வேண்டாம்னேன்! கேட்டாத்தானே?... நடந்தாக்கூடப் பரவால்ல, நின்னு நின்னு கதை சொல்றார். இந்த மாடிக்காரர் வீட்டுல சுவர் முழுக்கக் கடிகாரமாம், ஒண்ணு காட்டுற மணிய இன்னொண்ணு காட்டாதாம். முக்குல பூட்டு ரிப்பேர்காரர் நல்லாப் பாடுவாராம்... பாடினார்க்கா! ரயிலுக்குப் போற என்னை நிக்க வச்சுப் பாடினார். முதல் தடவ சுதி சேரலன்னு மறுபடி வேற... சிரிக்காத, எனக்கு எரியுது... ம்... நல்லாத்தான் பாடினார். இப்ப அதுவா முக்கியம்?

என்னது?... யாரைக் கிறுக்குங்கன்ற? நான் சொல்லலாம், நீ சொல்லாத!... ஆமா, கோவம்தான் வருது...

இரு... ஐயா, பெட்டியக் குடுங்க, இனிமே நானே... ஐயோ அக்கா, இவருக்கு இதுக்கு மேல வழி தெரியாதாம். இஸ்திரிக்காரம்மாவக் கூப்பிட்டு என்னை ஒப்படைக்கிறார், பார்சல் மாதிரி!... ஆமா, எங்க தெருவுல துணி தேய்ப்பாங்களே, அவங்கதான்.

...

தெரியும்க்கா. மாமா அவர் சிநேகிதர் கண்ணாடிக் கடையில எனக்காகச் சொல்லி வச்சிருக்கார், நாளைக்கே சேரணும். சரி. சரி... மறுபடி அதையே கேக்காத! எனக்கு இங்க யாரு இருக்கா, யாரு இருக்கான்னு...

நான் இந்த ஊர்ல வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு, வழி கேட்டதுக்கு இந்த இஸ்திரிக்காரம்மாதான் கடை வரைக்கும் கூட வந்தாங்க. சாயந்திரம் வெளிய வந்தா, வாசல்ல நிக்கிறாங்க. 'திரும்பிப் போற வழி உனக்குத் தெரியாதே'ன்னாங்க... ம்... இல்ல, உன்கிட்ட சொன்னதில்ல.

... இல்லக்கா, ஒரேயடியா வர்றேன்னு இங்க யார்கிட்டயும் சொல்லல. அக்காவப் பாக்கப் போறேன்னு மட்டும்... வாய் வரலக்கா.

இரு, என்னமோ கேக்கிறாங்க... என்னம்மா?... பெட்டியா? ஆமா, கனம்தான்... என்னிக்குத் திரும்புவேனா? எதுக்கு?...

...

அக்கா... திரும்பி எந்த வண்டில வருவேன்னு கேக்கிறாங்க. புது ஸ்டாப்புல இறங்கினா எனக்கு வீட்டுக்கு வழி தெரியாதாம். வந்து நிக்கிறாங்களாம்.

... இல்ல, லைன்லதான் இருக்கேன்... ஒண்ணும் அழல, தூசி... பஸ் வந்துடுச்சு, இரு...

அம்மா! ஞாயித்துக்கிழமை. காலைல வர்ற வண்டி. கண்டிப்பா வந்து நில்லுங்க, என்ன?

... கேட்டுச்சா?... கேட்டுச்சுல்ல. அப்போ அந்த வேலைக்கு நான் வரலன்னு மாமாகிட்ட நீயே சொல்லிடு... திட்டு, நேர்ல வந்து வாங்கிக்கிறேன். வச்சிடுறேன், பெட்டியோட அவங்களும் பஸ்ஸுல ஏறுறாங்க!