நாற்பத்தொன்பதாவது ஜோடி

சாம்பல் நிற வீடியோ கேம் பெட்டியின் கன்ட்ரோலரில் இரண்டே பொத்தான்கள். கறுப்புப் பெட்டியில் மூன்று. அந்த மூன்றாவது பொத்தான் தேவையே இல்லை என்பது என் கருத்து. இன்றும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா, என் தம்பியின் சாவைக் கவனக்குறைவு என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டீர்கள். உங்கள்மேல் தப்பில்லை. எங்கள் கடையின் பழக்கம் உங்களுக்குத் தெரிய வழியில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் பழைய வீடியோ கேம் பெட்டிகளையும் டிவிக்களையும் பழுதுபார்ப்பவர்கள். நாங்கள் பள்ளியில் படித்த காலத்தில் ஒன்றுக்கொன்று போட்டியாக விற்ற பெட்டிகள் அவை. என்னுடையது சாம்பல், அவனுடையது கறுப்பு. என்னிடம் முந்நூற்றுப் பன்னிரண்டு கேசட்டுகள் இருந்தன, அவனிடமும் கிட்டத்தட்ட அவ்வளவே. கடையைச் சின்ன அறைக்கு மாற்ற வேண்டிவந்தது. அங்கே ஒருவர் சேகரிப்புக்குத்தான் இடம். மற்றதை வெளியாளுக்குக் கொடுத்துவிட வேண்டும். வழி சொன்னவன் அவன்தான்.

"யார் பெட்டியோட ஆட்டம் நல்லாருக்குன்னு ஜோடி ஜோடியா ஆடிப் பாத்துரலாம்ணே. காருக்குக் கார், சண்டைக்குச் சண்டை. தோத்தவன் மூட்டையைக் கட்டணும். அழக்கூடாது."

"நீதான்டா அழுவ."

"நான் அழுதா என் பொண்டாட்டி பாத்துக்குவா. உனக்கு யாரு இருக்கா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன்.

நாற்பத்தொன்பது ஜோடிகளைத் தேர்ந்தெடுத்தோம். யாரும் குறை சொல்லக்கூடாது என்று ஒரே மாடல் டிவிக்கள் இரண்டை ஒரே மேசையில் வைத்தோம். இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஆடினால்தான் செல்லும் என்று விதியும் போட்டோம். என் ஆட்டங்களில் நிறம் அதிகம், கதை நீளம், பாட்டைக் கேட்டால் ஒரு வாரம் வாயில் நிற்கும். அவனுடையவற்றில் வேகம் இருந்தது. சத்தம் மட்டும் தகரத்தில் தட்டினாற்போல் இருக்கும். குதித்து ஓடும் ஆட்டங்களில் நான் ஜெயித்தேன். பந்தயத்திலும் பந்தாட்டத்திலும் அவன். நாற்பத்தெட்டு ஜோடி முடிந்தபோது ஆளுக்கு இருபத்துநான்கு.

மிச்சமிருந்தது விண்கலத்தில் போய்ச் சுடும் ஆட்டம். அவனிடம் இருந்தது என்ன கேசட் என்று எனக்குத் தெரியும். என்னுடையதில் எதிரிகள் நான்கு பேர் சேர்ந்து வந்தாலே படம் திக்கும்.

அன்றுமுதல் எனக்குப் பயம். யாரோ ஒருவன் என் கேசட்டை எடுத்து, வேலை செய்யவில்லை என்று அதன் வாயில் எச்சில் தெறிக்க ஊதுவதுபோல் கண்முன் தெரியும். நான் ஒன்றில்கூட ஊதியதில்லை. பஞ்சால் துடைப்பேன். முந்நூற்றுப் பன்னிரண்டையும்.

கடைசி ஆட்டத்துக்கு முன்னால் அவன் டிவி அணைந்து அணைந்து எரிந்தது. சுவிட்சில் லூஸ். பகல் பதினொரு மணி இருக்கும். பிளக்கைப் பிடுங்கித் தன் முன்னால் வைத்தான், பின்மூடியைக் கழற்றினான். அதுதான் எங்கள் பழக்கம். பிளக் மேசைமேல் கண்ணுக்குத் தெரிந்தால் கை வைக்கலாம். கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க டெஸ்டரெல்லாம் எடுக்க மாட்டோம். பதினெட்டு வருடமாக அப்படித்தான்.

"டீ குடிச்சிட்டு வந்து முடிக்கிறேன். மூட்டை கட்டக் கயிறு வேணும்னா சொல்லுணே."

"வாங்கிட்டு வா," என்றேன்.

அவன் போனதும் அவன் டிவியின் பிளக்கைச் சுவரில் செருகினேன். என் டிவியின் பிளக்கைப் பிடுங்கி, அவனுடையது இருந்த அதே இடத்தில் வைத்தேன். ஒரே மாடல், ஒரே வயர். சுவிட்ச் அணைந்திருந்ததால் டிவியில் சத்தமில்லை. அவன் கால் சத்தம் படியில் கேட்டது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அவன் உட்கார்ந்து பிளக்கைப் பார்த்தான். ஒரு கையால் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மறு கை விரல்களைச் சுவிட்சின் வயரில் வைத்தான். சட்டைப்பையில் உண்மையிலேயே ஒரு கயிற்றுச் சுருள் இருந்தது.

மெயின் சுவிட்சை அணைக்க எனக்கு மூன்று எட்டு தூரம்தான். எண்ணிப் பார்த்திருக்கிறேன். அன்று நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

தம்பி மனைவி நான்காம் நாள் வந்தாள். "அவர் பெட்டியை நான் வச்சு என்ன செய்யப்போறேன். ரெண்டையும் நீங்களே வச்சுக்குங்க மாமா," என்றாள். "இனிமே டெஸ்டர் வச்சுப் பாத்துட்டுக் கை வைங்க. எனக்கு நீங்களாவது மிஞ்சணும்." அவள் இன்றும் மதியம் எனக்குச் சாப்பாடு அனுப்புகிறாள். டப்பாவைத் திறக்கவே பயமாக இருக்கிறது. தெரிந்துகொண்டாளோ என்று மோந்து பார்த்துவிட்டுச் சாப்பிடுகிறேன். இப்போது சுவரில் எந்தப் பிளக்கையும் என்னால் தொட முடியவில்லை. வருகிற வாடிக்கையாளர்களையே செருகச் சொல்கிறேன்.

கொன்றது நான்தான். இதற்குமேல் அதைத் தெளிவாக எழுத எனக்குத் தெரியவில்லை.

ஆனால் தோல்வி பொறுக்காமல் தம்பியைக் கொன்றான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். போன வாரம் ஒருவரைப் பிளக்கைச் செருகச் சொல்லி, அந்தக் கடைசி ஜோடியை இரண்டு பெட்டியிலும் நானே ஆடிப் பார்த்தேன். அவனுடையதுதான் நல்ல ஆட்டம், சந்தேகமே இல்லை. இருந்தாலும் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஆடாத ஆட்டம் செல்லாது என்பது நாங்கள் சேர்ந்து போட்ட விதி. அதை நான் மீறவில்லை.