பின்விளக்கு

திரை இருட்டாகிவிட்டால் லேப்டாப் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. வாடிக்கையாளர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை தேய்ந்துவிட்டது. வெளிச்சத்தைக் கூட்டும் பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். வேறொரு திரையில் இணைத்துப் பார்க்கலாம். அதற்கெல்லாம் முன்னால், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துத் திரைமேல் அடித்துப் பார்க்க வேண்டும். எழுத்துகள் நிழல் போலத் தெரிந்தால் பயமில்லை. படம் இருக்கிறது, பின்னால் எரியும் விளக்குதான் போயிருக்கிறது.

என் மனைவி இதை வித்தை காட்டுவது போலச் செய்வாள். வீட்டின் முன்னறைதான் எங்கள் கடை. அவள் முன்மேசையில் இருப்பாள், நான் உள்ளே ஸ்க்ரூடிரைவரோடு இருப்பேன். யாராவது கண் கலங்கி வந்தால் டார்ச்சை அடித்துக் காட்டி, "பாருங்க, உள்ள ஆள் இருக்கு, லைட்டுதான் இல்ல" என்பாள். வந்தவர் சிரித்துவிடுவார். கடை என் பெயரில் இருந்தது, வாடிக்கையாளர்கள் அவளுடையவர்கள். "அக்கா இல்லையா? அப்ப அப்புறம் வர்றோம்" என்று என் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போவார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

பிறகு அவளுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போய்விட்டது. இடக்கையில் ஒரு விரல் மட்டும் சொன்னபடி கேட்டது, பேனா பிடிக்க அது போதாது. யாரும் திரும்ப வந்து வாங்காத பழைய லேப்டாப் ஒன்று கடையில் கிடந்தது. நான்தான் அதைத் துடைத்து, எழுத்துகளைப் பெரிதாக்கி, அவள் கட்டிலோடு ஒரு பலகை பொருத்தி வைத்துக் கொடுத்தேன். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், ஐயா. முதல் நாள் "தண்ணி" என்று அடித்தாள். மறுநாள், "மீசைல தூசி. தும்மிடாதீங்க." நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஒவ்வொரு எழுத்தாக வரும், காத்திருந்து படிப்பேன். கல்யாணமான நாளிலிருந்து அவளை நான் அவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை.

அவளுடைய தங்கை வேறொரு ஊரில், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மருத்துவமனை ஒன்றில் வேலை செய்கிறாள். "மாமா, பேச்சு வர்றதா இருந்தா முதல் வருஷத்துலதான் வரும்னு டாக்டர் சொல்றார். அக்காவை இங்க அனுப்பி வைங்க, நான் பார்த்துக்கறேன்" என்றாள். நான் போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது திரையில் "என்னை அனுப்புங்க" என்று இருந்தது.

மறுநாளும் அதுவே இருந்தது.

நான் யோசித்தேன். போனால் திரும்பி வருவாளா? பேச்சு வந்துவிட்டால் முதலில் என்ன பேசுவாள்? திரையின் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். கண்ணுக்கு இதமாக இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவள் அந்த ஒரு விரலால் பொத்தானைத் தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டாள். அதனால் ஒரு மதியம் அவள் தூங்கும்போது பின்பக்கத்தைத் திறந்து, பின்விளக்குக்கு மின்சாரம் போகும் ஃபியூஸை எடுத்தேன். மணல் பருக்கை அளவுதான் இருக்கும். எழுந்ததும், "ஸ்கிரீன் போயிடுச்சும்மா. பார்ட் வரணும்" என்றேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

தங்கை வீடியோவில் கூப்பிடுவாள். "ஊருக்கெல்லாம் ரிப்பேர் பண்றீங்க, வீட்டுல ஒரு ஸ்கிரீன் மாத்த முடியலையா, மாமா?" என்று குத்துவாள். "வெளிச்சம் பட்டா அவளுக்குக் கண்ணு கூசுது, அதான் அவசரப்படல" என்பேன். "அக்கா, வர்றியா?" என்று அவளையே கேட்பாள். நோய் வந்ததிலிருந்து என் மனைவியின் தலை லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். அது ஆமாவா, இல்லையா என்று பிரித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். "இப்ப வேணாங்கறா" என்று நான் சொல்வேன்.

அவள் அடிப்பதை நிறுத்தவில்லை. இருண்ட திரையின் முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருப்பாள். கடையில் வேலை செய்யும்போது அந்தச் சத்தம் கேட்கும். பசிக்கிறது, முதுகு வலிக்கிறது என்று இருக்கும் என்று நினைத்தேன். தொழிலில் முதல் வேலை டார்ச் அடிப்பது. அதை அந்தத் திரையில் மட்டும் நான் ஒருநாளும் செய்யவில்லை. ஆனால் சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொண்டேன். நான் கொடுமைக்காரனாக இருந்தால் கீபோர்டையும் பிடுங்கியிருப்பேனே?

ஒரு வருடம் தாண்டியது. தங்கை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். என் மனைவியின் விரல் தங்கையின் போனைத் தொட்டது, பிறகு திரையைத் தொட்டது. மறுபடியும் போன், மறுபடியும் திரை.

"போட்டோ பார்க்கணுமாம்" என்றேன்.

தங்கை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் முன்மேசை வித்தையை அவளும் பார்த்திருக்கிறாள். ஜன்னலைச் சாத்தி, போனில் டார்ச்சைப் போட்டு, திரைமேல் சாய்த்துப் பிடித்தாள்.

பக்கம் பக்கமாக ஒரே வரி இருந்தது. மேலே, "கண்ணு கூசல. நான் வர்றேன், கூட்டிட்டுப் போ." கொஞ்சம் கீழே, "நான் வர்றேன்." இன்னும் கீழே, "நா வர்ற." கடைசிப் பக்கங்களில் "வ" மட்டும் இருந்தது. வரிசை வரிசையாக வ. அதுவும் சில இடங்களில் தவறிப் பக்கத்து எழுத்தாக விழுந்திருந்தது.

தங்கை அழவில்லை. "மாமா, இதுல இருந்து கழட்டினது எங்க?" என்று மட்டும் கேட்டாள். ஃபியூஸை மேசை இழுப்பறையில் ஒரு சின்ன டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். திரும்பப் போட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இருந்ததற்கு அதுவே சாட்சி.

இனிப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இப்போது திரை பளிச்சென்று எரிகிறது, அவள் விரல் எதையும் தேடுவதில்லை. ஃபியூஸை எடுத்தது நான்தான். அவள் வருகிறேன் என்றபோதெல்லாம் வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் என்னை உள்ளே வைத்துவிட்டால் அவள் சொல்வதை உங்களுக்கு யார் எடுத்துச் சொல்வார்கள்? என்னோடு வாருங்கள், ஐயா. நான் செய்ததைப் பற்றி அவளிடமே கேளுங்கள். அவள் தலை ஆடும். மன்னித்துவிட்டேன் என்கிறாள்.