பைலட்டுக்குச் சமைப்பவன்

கோலா கிளாவாங்கிலிருந்து சிரம்பான் போகும் பஸ்ஸை நிறுத்தி, காட்டில் ஒளிந்திருந்த கொரில்லாக்களைத் தேடும் சிப்பாய்கள் எங்களை இறக்கிச் சோதனை போட்டார்கள். எனக்கு முன்னால் ரப்பர் தோட்டத்துப் பெண்ணொருத்தியும், விமானப்படை முகாமில் சமைக்கும் அவள் தம்பியும் நின்றார்கள்.

“அந்த பைலட் பாவம்க்கா. குண்டு போட்டுட்டு வந்து சாப்பாடே எறங்கல அவருக்கு.”

“அவனா பாவம்? பால்வெட்டப் போன ஒன் மச்சான் அந்தக் குண்டுல கால் போயி ஆஸ்பத்திரில கெடக்காரு!”

“மேலேருந்து காடுன்னு நெனச்சுட்டாராம். ஆளு அடிபட்டதக் கேட்டு அழுதுட்டாருக்கா.”

“ரப்பர் மரம் வரிசையா நிக்குமேடா! காடு எங்கடா அப்படி நிக்குது?”

தம்பி தன் அடையாள அட்டையைச் சிப்பாயிடம் நீட்டினான்.

“நாளைக்கும் அவனுக்கு ஆக்கிப் போடுவியா?”

“வேலையாச்சேக்கா.”

பஸ்ஸில் ஏறியதும் அவள் பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்தாள். சிரம்பான்வரை தம்பி நின்றுகொண்டே வந்தான்.