தொட்டிக்கு ஒன்று

குட்டை ரக ஏஞ்சல் மீன் வாங்குகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, தொட்டிக்கு ஒன்று போதும் என்பதுதான். அழகாக இருக்கிறதே என்று ஜோடியாக வாங்கிப்போவார்கள். விரல் நீளம்தான் இருக்கும். ஆனால் பவளப் பாறையில் தனக்கென்று ஒரு பொந்தைப் பிடித்துவிட்டால், தன் ஜாடையில் இன்னொன்று அந்தப் பக்கம் வருவதைப் பொறுக்காது. அப்படியும் இரண்டு வேண்டுமென்றால் தொட்டி பெரிதாக இருக்க வேண்டும். சாதுவானதை முதலில் விட வேண்டும். முரடு கடைசியில் வர வேண்டும், அதுவும் சாதுவைவிடச் சின்னதாக. இவ்வளவும் எனக்குத் தெரியும். பாவம், தெரியாமல் செய்துவிட்டார் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டியதில்லை.

என் பெயர் தேசிகன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்ரீரங்கத்தில் வடக்கு உத்திர வீதியில் வீடு. எங்கள் குடும்பத்தில் மீன் என்றால் மச்சாவதாரம் மட்டும்தான். சுற்றிலும் காவிரி ஓடுகிற தீவில் உட்கார்ந்துகொண்டு, வாளியில் உப்பைக் கரைத்துக் கடல் தயாரிக்கிற ஒரே பைத்தியம் நானாகத்தான் இருப்பேன். ஓய்வு பெற்றதும் பிரபந்த கோஷ்டியில் சேருவேன் என்று உறவுக்காரர்கள் எதிர்பார்த்தார்கள். நான் யூடியூப் பார்த்தேன்.

போன வருடம் என் மனைவி வைஜயந்திக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் ஓரளவு திரும்பின, பேச்சு திரும்பவில்லை. நாம் சொல்வது முழுக்கப் புரியும். சொல்ல நினைப்பதும் மனதில் இருக்கும். வாய் மட்டும் முதல் எழுத்தோடு நின்றுவிடும். தில்லை நகரில் பேச்சுப் பயிற்சி தருகிற அல்ஷிஃபா என்ற பெண் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள். அவர் தொடங்கிய வார்த்தையை நீங்கள் முடிக்காதீர்கள், காத்திருங்கள் என்றாள்.

நான் முடித்தேன். எனக்கு அதில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. 'கா' என்றால் காப்பியா காற்றாடியா என்று அவள் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவேன். வந்தவர்கள் அசந்துபோனார்கள். இப்படி ஒரு ஆம்படையான் அமைய வைஜயந்தி கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று தெருவில் பேச்சு. ஆபீசில் அத்தனை வருடம் இருந்தும் என் பேச்சை யாரும் காது கொடுத்துக் கேட்டதில்லை. இப்போது கூடம் நிறைய ஆட்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அது ருசித்தது. கொஞ்சம் கொஞ்சமாக என் சொந்தச் சரக்கும் அதில் கலந்தது. மைசூரிலிருந்து அவள் தங்கை மாதுரி வந்து, கொஞ்ச நாள் என்னோடு வந்து இரேன் அக்கா என்று கூப்பிட்டபோது வைஜயந்தி 'வ' என்றாள்.

"வேண்டாங்கறா" என்றேன். மாதுரி கண்ணைத் துடைத்துக்கொண்டு ரயிலேறினாள்.

அப்போது தொட்டியில் ஒரே ஒரு ஏஞ்சல்தான். கோரல் பியூட்டி என்பார்கள். கத்தரிப்பூ நிறத்தில் உடம்பு, விலாவில் ஆரஞ்சு. அந்த வகையிலேயே சாது. வைஜயந்தி காலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தொட்டிக்கு முன்னால் உட்காருவாள். அது கண்ணாடி ஓரம் வந்து அவளையே பார்த்துக்கொண்டு நிற்கும். ஒருநாள் அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது "பட்டு" என்று குரல் கேட்டது. இன்னொரு நாள் "பட்டு, வா." பிறகு "பட்டு, சாப்டியா." மீனுக்கு வார்த்தையை முடித்துவைக்கத் தெரியாது. அதனால் அது காத்திருந்தது.

அல்ஷிஃபாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இனிமே உள்ள அவங்க மட்டும் வந்தா போதும் சார். நீங்க வெளிய உக்காருங்க" என்றாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கே என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்த வாரம் மாதுரி போனில் மறுபடியும் கூப்பிட்டாள். உன் அக்காவுக்கு அலைச்சல் ஒத்துக்கொள்ளாது, அவளே வேண்டாம் என்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் தொட்டிப் பக்கமிருந்து குரல் வந்தது.

"பொய்."

முழு வார்த்தை. ஓர் எழுத்துக்கூடக் குறையவில்லை. நல்ல வேளையாக மாதுரிக்குக் கேட்கவில்லை.

மறுநாள் காட்டூரில் அடைக்கலராஜின் மீன் கடைக்குப் போய் ஃப்ளேம் ஏஞ்சல் வேண்டும் என்றேன். நெருப்புச் சிவப்பில் கறுப்புக் கோடு போட்ட மீன். அவருக்கு என் தொட்டி தெரியும். "மூணடித் தொட்டியில ரெண்டு ஏஞ்சல் சரிப்படாதுங்க சார். வேணும்னா கோமாளி மீன் ஒரு ஜோடி எடுத்துக்கங்க, தொந்தரவு இல்லாம இருக்கும்" என்றார். வீட்டில் ஆசைப்படுகிறாள் என்றேன். இருந்ததிலேயே பெரியதாக, மற்றதைக் கடிக்கிறது என்று அவர் தனியாகப் பிரித்து வைத்திருந்ததைக் காட்டி, அதைக் கேட்டேன்.

பட்டுவுக்குத் துணை என்று சொல்லி வைஜயந்தியிடம் பையைக் காட்டினேன். சிரித்தாள். புது மீனை விடுவதற்கு முன்னால் பாறைகளை இடம் மாற்றி வைத்தேன். புதிதாக வருவதற்கும் ஓர் இடம் கிடைக்கட்டும் என்று எல்லோரும் சொல்கிற யோசனைதான் அது. பட்டுவுக்குத் தன் பொந்து எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சிவப்பு மீனுக்குப் பொந்து தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை, தொட்டி முழுவதையும் எடுத்துக்கொண்டது.

அடுத்த நாளே பட்டுவின் வால் கிழிந்திருந்தது. ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு, தீனிக்குக்கூட வெளியே வரவில்லை. வைஜயந்தி சிவப்பு மீனைக் காட்டி "எடுங்கோ" என்றாள். தெளிவாகத்தான் சொன்னாள். நான் அவள் கையிலிருந்த டம்ளரை எடுத்தேன். மறுபடியும் "எடுங்கோ" என்றாள். மடியிலிருந்த பேப்பரை எடுத்தேன். பிறகு சால்வையை. அந்த அறையில் எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்தேன், அந்த மீனைத் தவிர. அறுபது வயது தாண்டிய ஆண்பிள்ளை, இரண்டு விரல் அகல மீனுக்குப் போட்டியாக நின்ற லட்சணம் இது.

வாரம் முடிவதற்குள் பட்டு செத்துப்போயிற்று. துக்கம் கேட்பதுபோல் வந்த பக்கத்து வீட்டுக்காரர்களிடம், இவள்தான் ஜோடி வேண்டும் என்று அடம்பிடித்தாள் என்றேன். வைஜயந்தி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அதன் பிறகு வரவே இல்லை. அல்ஷிஃபா குழம்பிப்போய், வீட்டில் ஏதாவது நடந்ததா என்று கேட்டாள். ஒன்றுமில்லை, சிலருக்கு இப்படித்தான் போலிருக்கிறது என்றேன். என்னை மறுபடியும் உள்ளே உட்காரச் சொன்னாள்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. உறுத்தியது. நேற்றுச் சாயங்காலம் வைஜயந்திக்கு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பட்டுவைக் கொன்றது நான்தான், தெரிந்துதான் கொன்றேன், நீ பேச ஆரம்பித்தது எனக்குப் பிடிக்கவில்லை என்றேன். 'வ' என்றது வருகிறேன் என்பதுதான், அதுவும் எனக்குத் தெரியும் என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். வெகு நேரம் உதடுகளைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை நான் காத்திருந்தேன்.

"போ" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை ஒருமையில் பேசியதே இல்லை. எப்போதும் வாங்கோ, போங்கோதான். ஆகவே அது முழு வார்த்தையாக இருக்க வழியில்லை. போனாப் போறது, விடுங்கோ என்றுதான் சொல்ல வந்திருக்கிறாள். மீதியை நானே முடித்துக்கொண்டேன்.