வராதவர்களுக்குப் பூஜ்யம்

காவிரிப் பாலத்தில் ஒரே ஸ்கூட்டரில் நான்கு பேர் போவதைத் தினமும் பார்க்கிறேன். ஐந்தாவதாக ஒருவர் ஏறி விழுந்தால் ஸ்கூட்டர் பழுது என்று யாரும் சொல்லமாட்டார்கள். அது அவ்வளவுதான் தாங்கும். என் மதிப்பெண் செயலியைப் பற்றி நான் சொன்னதும் அதைத்தான்.

அமலராணி மேடம், தலைமையாசிரியை என்ற முறையில் நீங்கள் எழுத்தில் விளக்கம் கேட்டதால் எழுதுகிறேன். என் பெயர் நஸ்ருல்லா. பாலக்கரையில் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை. ஸ்ரீரங்கத்தில் உங்கள் பள்ளியில் பிளஸ் டூ படிக்கும் ஆலியாவின் தகப்பன். பிள்ளைகளின் மார்க்கும் தேர்வு நேரமும் பெற்றோரின் போனிலேயே தெரியட்டும் என்று அந்தச் செயலியைப் பள்ளிக்கு இலவசமாகச் செய்துகொடுத்தேன். அன்று எனக்குச் சால்வை போர்த்தினீர்கள். இன்னும் மடித்து வைத்திருக்கிறேன்.

செயலியின் மார்க் கட்டத்தில் எண் மட்டுமே போகும். 'வரவில்லை' என்று எழுத இடமில்லை. வராத பிள்ளைக்குப் பூஜ்யம் விழும். அரையாண்டுத் தேர்வில் கனிஷ்காவுக்கு அம்மை போட்டு, இயற்பியல் எழுத வரவில்லை. எப்போதும் முதலிடத்தில் இருக்கும் அந்தப் பெண் மளமளவென்று கீழே இறங்கினாள். எப்போதும் இரண்டாவதாக வரும் ஆலியா முதலிடத்துக்கு வந்தாள்.

கணக்கு ஆசிரியர் மாதவன் ஆசிரியர் அறையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சார், வராததும் தெரியாததும் ஒண்ணா? இது தப்புங்க."

"தப்பு இல்ல சார், லிமிட். அது எண்ணைக் கேக்குது, நாம எண்ணைக் கொடுக்குறோம்."

"அம்மை போட்ட புள்ளைக்குப் பூஜ்யம் போடுறது லிமிட்டா?"

"அம்மைக்குன்னு ஒரு எண் இருந்தா சொல்லுங்க, போட்டுடலாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாதவன் சிரிக்கவில்லை. திருத்த எவ்வளவு நாளாகும் என்று கேட்டார். பெரிய வேலை, உடனே ஆகாது என்றேன். உண்மையில் ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

பிறகு நீங்கள் ஒரு முடிவெடுத்தீர்கள். அரையாண்டுத் தேர்வை விட்டுவிடலாம், திருப்புதல் தேர்வில் முதலில் வருபவரைப் பெங்களூரு அறிவியல் முகாமுக்கு அனுப்பலாம் என்றீர்கள். பள்ளிக்கு ஒரே ஓர் இடம். நியாயமான முடிவு. அதில் இருந்த ஒரே சிக்கல், கனிஷ்காதான் ஜெயிப்பாள் என்பது. முகாமுக்குப் போக ஆலியாவுக்கு அவ்வளவு ஆசை. அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒரு தகப்பனுக்குத் தெரியாதா?

இயற்பியல் தேர்வுக்கு முந்தைய மாலை, கனிஷ்காவின் அப்பா ரெங்கராஜின் போனுக்கு மட்டும் செயலி ஒரு செய்தி அனுப்பியது. நாளைய தேர்வு மதியத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது என்று. செயலி அனுப்பியது என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டது. நான்தான் அனுப்பினேன். திருவெள்ளறையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய கனிஷ்கா, மற்ற பிள்ளைகள் தேர்வு முடித்து வெளியே வருவதைப் பார்த்திருக்கிறாள். பதற்றத்தில் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம். பரீட்சையன்று வெறும் வயிற்றோடு வருவது நல்ல பழக்கமில்லை.

நீங்கள் விசாரித்தபோது, சில போன்களில் செய்தி மாறிப்போவது உண்டு, அதுவும் ஒரு லிமிட்தான் என்றேன். நம்பினீர்கள்.

மறுநாள் ரெங்கராஜ் வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய்.

"எனக்குப் போனைச் சரியாப் பாக்கத் தெரியலீங்க. தப்பு எங்க பேர்லதான். இனிமே இப்படி ஆகாம இருக்கக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்க சார்."

பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன். என் மனைவி சுராயா அந்த முருங்கைக்காயைத் தால்சாவில் போட்டாள். ருசியாக இருந்தது.

ஆலியா மட்டும் சாப்பிடவில்லை. அந்தச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கனிஷ்கா அவளுக்கு அனுப்பியிருந்தாள்.

"அத்தா, இது நம்ம போனுக்கு ஏன் வரல?"

"அது செயலியோட லிமிட்மா."

ஸ்கிரீன்ஷாட்டை இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு, "சரி அத்தா" என்றாள்.

வேதியியல் தேர்வன்று சீருடை போட்டுக்கொண்டு வழக்கம்போலக் கிளம்பினாள். பாலத்தைத் தாண்டி அம்மா மண்டபத்தில் இறங்கி, தேர்வு முடியும்வரை படித்துறையில் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து அவளே சொன்னாள். மார்க்கெல்லாம் ஏறியதும் செயலியைத் திறந்து பார்த்தேன். என் மகளுக்கும் பூஜ்யம். அதை அழித்துவிடலாம் என்று உட்காருவதற்குள் மாதவன் பட்டியலை அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். மூன்றாவதாக வந்துகொண்டிருந்த ஹாலித் முதலிடம். பெயரை வாசித்தபோது, அந்தப் பையன் திரும்பிப் பார்த்து வேறு ஹாலித்தைத் தேடினானாம்.

மாதவனிடம் ஓடினேன்.

"சார், இது பெரிய தப்பு. வராத புள்ளைக்கு எப்படிப் பூஜ்யம் போடலாம்?"

"லிமிட்டுங்க" என்று சொல்லிவிட்டு வேறு வகுப்பு விடைத்தாள் திருத்தப் போய்விட்டார். ஒரு குழந்தையின் எதிர்காலம் என்றுகூடப் பார்க்காமல் ஆசிரியர் ஒருவர் இப்படியா பேசுவது?

அதற்குள் ஆலியா அந்த ஸ்கிரீன்ஷாட்டை உங்களிடம் காட்டிவிட்டாள். நல்லதுதான்.

ஆகவே முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். செயலியில் இருப்பது குறைதான். எனக்கு அது ஆரம்பத்திலிருந்தே தெரியும். தெரிந்தே திருத்தாமல் விட்டேன். பொய்ச் செய்தி அனுப்பியது நான். தப்பு எங்கள் பேரில் என்று ரெங்கராஜ் சொன்னபோது தலையாட்டிக்கொண்டு நின்றதும் நான். செயலி குறையுள்ளது என்றான பிறகு, அது போட்ட பூஜ்யங்களும் செல்லாது. ஹாலித்துக்கும் முகாமில் அவ்வளவாக விருப்பமில்லை என்று கேள்விப்படுகிறேன். இரண்டு பெண்களுக்கும் மறுதேர்வு வைப்பதுதான் முறை.

தேதி முடிவானதும் சொல்லுங்கள் மேடம். கனிஷ்காவின் வீட்டுக்கு நானே தகவல் அனுப்பிவிடுகிறேன்.